சென்னை, ஆறு ஆட்டத்தில்

ஏப்ரல் 8, புதன்

நான் சொன்னபடியே நடந்தது. அரையிறுதித் தொடர் இரண்டும் என் கணிப்புப்படியே முடிந்தன. சென்னை ஹார்பர்ஸ் ஐந்தே ஆட்டத்தில் உள்ளே போனது. கோவை காங்கேயன்ஸ் ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, இன்று மாலை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தது. இனி இறுதித் தொடர். ஏழு ஆட்டத்தில் எவன் முதலில் நான்கை வெல்கிறானோ அவனுக்குக் கோப்பை. ரத்த அழுத்த மாத்திரை இன்னும் போடவில்லை. போடலாம், அவசரமில்லை.

இந்த வருடம் விடமாட்டேன். மே மாதம் உடுமலையில் எங்கள் கூடைப்பந்துக் கழகம் நடத்தும் கோடைப் போட்டியில், முதல் ஆட்டத்தின் முதல் பந்தைத் தூக்கிப் போடும் உரிமை லீக்கின் இறுதித் தொடரைச் சரியாகக் கணித்தவருக்கு. எந்த அணி என்பதும் சரியாக இருக்க வேண்டும், எத்தனை ஆட்டத்தில் என்பதும் சரியாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக இரண்டையும் சரியாகச் சொன்னவன் நான். முதல் வருடம் எம்.எல்.ஏ. வந்துவிட்டார் என்று பந்தை அவர் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் இன்னொருவனும் சரியாகச் சொல்லியிருக்கிறான் என்று சீட்டுக் குலுக்கினார்கள். மூன்றாம் வருடம் மழை. மழைக்கும் செயலாளர் தண்டபாணிக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கோவையின் தலைவன் பெயர் கார்வேந்தன். என் மகன் என்று ஊர் சொல்கிறது. அரசு வங்கி வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு இந்த லீக்கில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, ஐந்து வருடமாக, நான் அவனோடு பேசுவதில்லை.

கடைசி நிமிடத்தில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எம்பி எடுத்து இறங்கினான். இறங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைபேசியில் அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மின்கட்டணம் கட்டினேன். கோதுமை அரைத்து வந்தேன். முடிவு செய்துவிட்டேன். மனைவி மயிலாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று கணிப்பை வாக்குப் பலகையில் எழுதும் நாள்.

கழக ஸ்கோர் அறையின் வெளிச்சுவரில் இருக்கிறது பலகை. நான்கு கட்டம்: பெயர், அணி, எத்தனை ஆட்டம், காரணம். முன்பு சாக்பீஸால் எழுதுவார்கள். தோற்றதும் ராத்திரியோடு ராத்திரியாக அழித்து வேறு எழுதிவிடுவார்கள். வெள்ளை பெயின்டும் பிரஷும் கொண்டுவந்து அந்தத் திருட்டுத்தனத்துக்கு முடிவு கட்டியவன் நான். காரணம் என்ற கட்டத்தைப் போட வைத்தவனும் நான்தான். அதற்கு முன் ராசிப்படி எழுதினார்கள், எலுமிச்சம்பழம் உருட்டிப் பார்த்து எழுதினார்கள். நான் மில்லில் எலக்ட்ரீஷியன். கோர்ட்டில் இறங்கி ஆடியவன் இல்லை. விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆனாலும் இந்த ஊரில் முழங்கை எத்தனை வளைந்தால் பந்து குறையும் என்று சொல்லக்கூடியவன் என்னைத் தவிர எவன் இருக்கிறான்?

ஊரே கோவை என்று எழுதியிருந்தது. கோவை நான்கு, கோவை ஐந்து, கோவை ஆறு. நான் பிரஷை எடுத்தேன். "நாச்சிமுத்து. சென்னை. ஆறு." காரணக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் பிரஷைக் கழுவி வைத்தேன்.

பேக்கரி கபூர் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்ண்ணா, காரணத்தக் கண்ணுக்குத் தெரியாத பெயின்டுல எழுதிப்போட்டீங்ளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெற்ற பிள்ளைக்கு எதிராக எழுதுகிறவனுக்குக் காரணம் எதற்கு, வயிற்றெரிச்சலே போதும் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யார் என்று தெரியும். அவனுக்குப் பந்தைத் தட்டாமல் மூன்று அடி வைத்தால் அது ட்ராவலிங் என்றுகூடத் தெரியாது.

அந்த நேரத்தில் மயிலா வந்தாள். வீட்டில் மறந்து வைத்த என் கண்ணாடியைக் கொண்டுவந்தாளாம். நாற்பத்தோரு வருடத்தில் அவள் கழகத்துக்குள் கால் வைத்தது இன்றுதான். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தண்டபாணியிடம், நானும் ஒன்று எழுதலாமா என்று கேட்டாள். குடும்ப டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களே அக்கா, தாராளமாக எழுதுங்கள் என்று அவன் பிரஷை நீட்டினான்.

"மயிலாத்தாள். கோவை. ஏழு." காரணக் கட்டத்தில் இடம் போதாமல் சுவர் வரைக்கும் எழுதினாள்: "ஏழு ஆட்டம் என்றால் ஏழு நாள் என் பையனை டிவியில் பார்க்கலாம்."

கைதட்டினார்கள்.

ஏப்ரல் 11, சனி

முதல் ஆட்டம். கழகக் கோர்ட்டுக் கம்பத்தில் திரை கட்டி, ஸ்பீக்கர் வைத்து, கேலரி நிறைய ஆள். சென்னை ஒன்பது புள்ளியில் வென்றது. நான் எழுதியபடி போகிறது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காலை நீட்ட வசதியாக இருந்தது.

கோவைத் தலைவன் 22 புள்ளி போட்டான். ஃப்ரீ த்ரோ போடும்போது சின்ன வயதிலிருந்தே இரண்டு முழங்காலையும் மடித்துத்தான் போடுவான். இன்று வலதை மட்டும் மடித்தான். வர்ணனை செய்தவன் அவனுடைய புதுக் காலணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

மயிலாவின் கணிப்பு செல்லாது என்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது காரணம் இல்லை, ஆசை. தண்டபாணி படித்துப் பார்த்து நிராகரித்தான்.

"அக்கா ஏதோ ஒரு காரணம் எழுதியிருக்காங்ண்ணா. உங்குளுதுதான் காலி. நீங்க போட்ட விதிதானுங். திங்கக்கெழம ஆட்டம் தொடங்கறதுக்குள்ள எழுதலீனா உங்க பேரையே அடிச்சுருவோம்."

அடிக்கும்போது அவன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று இப்போதே தெரிகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பலகையைத் தினமும் படம் பிடித்துக் கழகத்தின் வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். குழுவில் நானூறு பேர். அதில் ஒருவன் ஜெகதீசன். இந்தக் கழகத்தில் ஆடி வளர்ந்தவன். இப்போது சென்னை ஹார்பர்ஸின் துணைப் பயிற்சியாளன். நான் எழுதும் காரணங்களைத் தவறாமல் படிப்பதாகப் போன வருடம் என்னிடமே சொன்னான். படிக்க வேண்டியதுதான்.

"இடது முழங்கால்" என்று இரண்டு சொல் எழுதினால் போதும். என் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று நானூறு பேருக்கும் தெரியும். நாளை மாலையே சென்னைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் அவனை இடதுபக்கமே ஓட வைப்பார்கள். இரண்டாம் பாதியில் அவனால் எழுந்திருக்க முடியாது. ஜூன் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, முப்பத்து நான்கு வயது முழங்காலை எந்த அணி எடுக்கும்?

அது என் கவலை இல்லை. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

ஐந்தே முக்காலுக்குப் போனேன். தண்டபாணி சிவப்பு பெயின்டில் பிரஷைத் தோய்த்துத் தயாராக வைத்திருந்தான். நான் வெள்ளை பிரஷை எடுத்து என் கட்டத்தில் எழுதினேன்: "கோவைத் தலைவனுக்குத் திமிர்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கபூர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆட்டம்! என்ன ஆட்டம்! கடைசிக் கால்பகுதியில் பதினொரு முறை முன்னிலை மாறியது. முடிய நான்கு நொடி இருக்கும்போது கோவை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. தலைவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. கோவை ஒரு புள்ளியில் வென்றது. 1-1.

கிளம்பும்போது ஒருவன் என் காதுபடச் சொன்னான், திமிர் இருக்கிறவனுக்குத்தான் அந்த இரண்டும் விழும் என்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. மயிலா என்னோடு பேசவில்லை; வடையை மட்டும் வைத்தாள்.

பதினோரு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. வழக்கமாக உள்ளறைக்கு எடுத்துப் போவாள். இன்று வேண்டுமென்றே கூடத்தில் நின்று பேசினாள். வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பலகையப் பாத்தானாமா. உங்கள ஒண்ணு கேக்கச் சொன்னான்."

"நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

"'திமிரு எந்தக் கால்லன்னு அப்பாகிட்டக் கேளுங்கம்மா' அப்படீங்கறான். என்னங் இது? கால்ல எப்படிங் திமிரு இருக்கும்?"

பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒரு பத்தியையே ஐந்தாறு முறை படித்திருப்பேன். எதைப் பற்றிய செய்தி என்று இப்போது நினைவில்லை.

அவன் சிறுவனாக இருந்தபோது பலகையில் நான் எழுதும் காரணங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவன் வேலை. முழங்கை, கணுக்கால், விரல், மூச்சு. நான் ஒரு நாளும் குணத்தைக் காரணமாக எழுதியதில்லை.

ஏப்ரல் 15, புதன்

சந்தையில் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு வந்திருந்தது. முட்டிவலிக்கு அதைச் சூப் வைத்துக் குடிப்பார்கள். யாருக்கு என்று கடைக்காரி கேட்டாள். எனக்குத்தான் என்றேன். நன்றாக நடந்துதானே வந்தீர்கள் என்று கேட்கிறாள். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இத்தனை கேள்வி எதற்கு?

மயிலா நாளை கோவையில் மூன்றாவது ஆட்டம் பார்க்கப் போகிறாள். கிழங்கை அவளிடம் கொடுத்து, மிளகு தூக்கலாகச் சூப் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போகச் சொன்னேன். கிழங்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அவன் கேட்டதுக்கு என்னங் சொல்லட்டும்?"

"சூப்பக் குடு. போதும்."

"எந்தக் காலுங்?"

இடது என்று சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஞ்சி தட்டப் போனாள். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு இரண்டு வடை அதிகமாக விழுந்தது. நேற்றைய வடைதான்.

ஏப்ரல் 16, வியாழன்

சென்னை பதினான்கு புள்ளியில் வென்றது. 2-1. சூப் ஒரே நாளில் வேலை செய்யாது.

ஏப்ரல் 18, சனி

சென்னை மறுபடியும். 3-1.

மூன்றாம் கால்பகுதியில் கோவைத் தலைவன் கீழே விழுந்தான்; எழுந்திருக்க நேரமானது. கேலரியில் எல்லோரும் நடுவரைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அவனை யாரும் தள்ளவில்லை. முழு ஆட்டமும் ஓடுகிறான், அதுதான் தப்பு. முதல் பாதியிலேயே கால் தீர்ந்துபோகிறது.

தண்டபாணி வந்து கைகொடுத்தான். ஆறு எதற்கு அண்ணா, ஐந்திலேயே முடிந்துவிடும் போலிருக்கிறதே என்றான். எனக்கு ஆறு வேண்டும். ஐந்தில் முடிந்தால் என் கணிப்பு தவறு.

ஏப்ரல் 19, ஞாயிறு

நன்றாக யோசித்தேன். சென்னை, ஆறு ஆட்டத்தில். அப்படியென்றால் கோவை இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வெல்ல வேண்டும். வென்றால்தான் என் கணிப்புப் பலிக்கும், முதல் பந்தும் என் கைக்கு வரும். ஆகவே கோவைக்கு ஒரு யோசனை சொல்வது முழுக்க முழுக்க என் சுயநலம். இதில் வேறு எதுவும் இல்லை.

மயிலாவைப் போன் போடச் சொன்னேன். அவன் எடுத்ததும், நான் சொல்லச் சொல்ல அப்படியே சொல்லச் சொன்னேன்.

"முதல் பாதி பூராவும் பெஞ்சுல உக்காரச் சொல்லு. மூணாவது கால்பகுதியில எறங்கட்டும்."

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. தலைவன் பெஞ்சில் உட்கார்ந்தால் அணி என்ன நினைக்கும், பயிற்சியாளரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் கேட்கிறானாம்.

"கேப்டனுக்குத் திமிருன்னு சொல்லச் சொல்லு" என்றேன்.

போனுக்குள் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். சிரிப்பு மாறவில்லை, மூக்கால்தான் சிரிக்கிறான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஐந்தாவது ஆட்டம், சென்னையில். தொடக்க ஐவரில் கார்வேந்தன் பெயர் இல்லை என்றதும் கேலரி கொதித்தது. பயிற்சியாளனுக்குப் பைத்தியம் என்றார்கள். லஞ்சம் வாங்கிவிட்டான் என்றார்கள். கபூர் பாய் தேங்காய் பன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒரு தேங்காய் பன் எடுத்துச் சாப்பிட்டேன்.

பாதி ஆட்டம் வரை கோவை ஆறு புள்ளி பின்தங்கியிருந்தது. இடைவேளை முடிந்து அவன் இறங்கினான்.

அந்த அரைமணி நேரத்தை எப்படி எழுதுவது? களைத்துப்போன சென்னைக்காரர்களுக்கு நடுவே புதுக் காலோடு ஒருவன். ஓடவில்லை, நின்று ஆடினான். பந்தை எடுத்து, பார்த்து, கொடுத்து, மறுபடி வாங்கிப் போட்டான். மூன்று புள்ளி, இன்னொரு மூன்று புள்ளி, அப்புறம் கையை மாற்றி ஒன்று. கோவை பன்னிரண்டு புள்ளியில் வென்றது. 3-2.

என் யோசனை. என் கணிப்பும் அப்படியே நிற்கிறது. இனி ஆறாவதில் சென்னை வென்றால் எல்லாம் முடிந்தது. பந்து என் கையில்.

ஏப்ரல் 23, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டார் கன்டென்சர் மாற்றினேன்.

பந்தை எப்படிப் போட வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன். இரண்டு ஆட்டக்காரர்களும் எம்பித் தொடக்கூடிய உயரத்துக்கு மேல் போக வேண்டும், நேராக, சுழலாமல். நன்றாகத்தான் வருகிறது. மயிலா பின்னால் நின்று பார்த்தது தெரியாது.

"நாளைக்கு யாரு ஜெயிக்கோணும்ங்?" என்று கேட்டாள்.

சென்னை என்றேன். அதைச் சொல்லும்போது எதற்குக் கையைப் பிசைகிறீர்கள் என்றாள். எலக்ட்ரிக் வேலை செய்த கை. அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று கூட்டம் திரையைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்தது அதிகம். சென்னை வென்றால் நான் வென்றேன். கோவை வென்றால் நான் தோற்றேன். தண்டபாணி கைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

கார்வேந்தன் மறுபடியும் முதல் பாதி பெஞ்சில் இருந்தான். இறங்கியதும் முதல் பந்தே வளையத்துக்குள். கேலரி எழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. கடைசிக் கால்பகுதியில் சென்னை மூன்று புள்ளி முன்னே வந்தது. என் கையிலிருந்த தேங்காய் பன் தூள்தூளாகியிருந்தது. என் அணி முன்னே போகும்போது பன் எதற்குத் தூளாக வேண்டும்? பழைய பன்னாக இருந்திருக்கலாம். சமநிலை. கூடுதல் ஐந்து நிமிடம். அதில் அவன் வலப்பக்க மூலையிலிருந்து, ஆள் கை முகத்துக்கு நேரே நீண்டிருக்க, எம்பாமலே ஒன்று போட்டான் பாருங்கள். முழங்காலுக்கு வேலையே இல்லை. வெறும் மணிக்கட்டு.

கோவை நான்கு புள்ளியில் வென்றது. 3-3. என் கணிப்பு போயிற்று.

பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன் என்று தண்டபாணி படத்தைக் காட்டினான். எறும்பு. அந்தப் பெஞ்சுக்கு அடியில் கட்டெறும்புப் புற்று இருக்கிறது. பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கழகம் கவனிப்பதில்லை.

"எறும்பு கைதட்டச் சொல்லியும் கடிக்குமாங்ண்ணா?" என்று கேட்டார் கபூர் பாய்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஏழாவது ஆட்டம்.

நானூறு பேர் இருக்கும் கேலரியில் இன்று ஆயிரம் பேர். மயிலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகையில் பிழைத்திருந்தது அவள் கணிப்பு ஒன்றுதான். கோவை, ஏழு என்று வேறு எவனும் எழுதவில்லை. வெற்றிலை வாங்கித் தருகிறார்கள், விசிறிவிடுகிறார்கள். நான் இந்தக் கழகத்துக்கு விளக்குக் கம்பம் நட்டவன். எனக்கு ஒருவன் தண்ணீர் கொடுத்ததில்லை.

எட்டு நொடி இருந்தது. கோவை ஒரு புள்ளி பின்னால். பந்து கார்வேந்தன் கையில். அவன்தான் போடுவான் என்று ஊருக்குத் தெரியும், சென்னைக்குத் தெரியும், ஜெகதீசனுக்குத் தெரியும். இரண்டு பேர் அவன் மேல் வந்து விழுந்தார்கள். தோளைத் தாழ்த்தினான். இடது காலில் எம்பப் போகிறான் என்று தெரிந்துவிட்டது எனக்கு. அந்தக் காலிலா? மயிலாவின் கையைப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் வளையல் ஒன்று உடைந்தது பிறகுதான் தெரிந்தது.

எம்பவில்லை. எம்புவதுபோல் காட்டி, இரண்டு பேரும் காற்றில் இருக்கும்போது, அவர்கள் கால்களுக்கு நடுவே பந்தைத் தரையில் தட்டி அனுப்பினான். வளையத்தடியில், கோவைக்கு ஆடச் செர்பியாவிலிருந்து வந்த நெட்டையன் தனியாக நின்றான். நின்ற இடத்திலிருந்தே வைத்தான். மணி அடித்தது.

கோவை ஒரு புள்ளியில். நான்கு-மூன்று.

நான் தோற்றேன். கபூர் பாய் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோற்றவனை எதற்குக் கட்டிப்பிடிக்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையும் கொடுத்தார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கழகத்தில் கூட்டம். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜவுளி ஆலை முதலாளி ஒருவர் இந்த வருடப் போட்டிக்கு ஸ்பான்சராம். முதல் பந்தை அவர் போட வேண்டுமாம். மயிலாத்தாளின் காரணம் விதிப்படி காரணமே இல்லை, ஆகவே யாரும் வெல்லவில்லை என்று தண்டபாணி அறிவித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்கதானுங்ண்ணா எழுதிக் குடுத்தீங், அது காரணம் இல்ல ஆசைன்னு. பத்திரமா வெச்சிருக்கறனுங்."

எழுந்தேன். ஆமாம், எழுதிக் கொடுத்தேன். அதை நீ படித்தாய், நிராகரித்தாய். நிராகரித்த மனுவை மறுபடி எடுக்க எந்த விதியில் இடம் இருக்கிறது, காட்டு என்றேன். மூன்று வருடம் எனக்குச் செய்ததை நான்காவது வருடம் அவளுக்குச் செய்தால், போட்டி நடக்கும் நாளில் கோர்ட்டின் நடுவட்டத்தில் வந்து உட்காருவேன் என்றேன். விளக்குக் கம்பத்தின் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது என்பதையும் நினைவுபடுத்தினேன்.

மயிலா பந்து போடுகிறாள்.

இன்னொன்று. கணிப்புத் தவறியவர்கள் தங்கள் காரணத்தை அடித்துவிட்டு, எங்கே தவறினோம் என்று உண்மைக் காரணத்தை எழுதலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. பிரஷை என்னிடம் நீட்டினார்கள். "எழுதுங்ண்ணா, திமிர அடிச்சுட்டு எழுதுங்" என்றார்கள். தொடர் முடிந்துவிட்டது. இரண்டு சொல் எழுதினால் நான் எதைப் பார்த்து எழுதினேன் என்று இந்த ஊர் வாயடைத்துப் போகும். பெற்ற பிள்ளைமேல் வயிற்றெரிச்சல் என்று சொன்னவன் தலைகுனிவான்.

எனக்கு எழுத ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். ஜூனில்தான் ஒப்பந்தம்.

மே 6, புதன்

மயிலாவுக்குப் பந்து போடப் பழக்குகிறேன். மாவு உருட்டுவதுபோல் போடுகிறாள். கை சுழற்றாதே என்றால், நாற்பது வருடமாகச் சப்பாத்தி போட்ட கை, சுழலத்தான் செய்யும் என்கிறாள். எதிர்வீட்டு ஓட்டில் இரண்டு முறை விழுந்தது.

மே 17, ஞாயிறு

கோடைப் போட்டி தொடங்கியது. வெயில் இறங்கிய நேரம். கேலரி நிறைந்து வழிந்தது. கார்வேந்தன் வந்திருந்தான். கோப்பையோடு அவனைச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தான். உட்காரும்போது வலது காலை ஊன்றி, இடதை மடக்காமல் உட்கார்ந்தான்.

"காலை நீட்டி வெச்சுக்க" என்றேன்.

"சரிங்ப்பா."

நடுவட்டத்தில் மயிலா. பட்டுப்புடவை. இருபுறமும் இரண்டு நெட்டைப் பயல்கள், அவள் அவர்கள் இடுப்புக்குத்தான் இருந்தாள். எங்கள் பக்கம் பார்த்தாள். நான் கையைச் சுழற்றாதே என்று சைகை காட்டினேன். போட்டாள். நேராக, சுழலாமல், அவர்கள் இருவர் கைக்கும் மேலே போய் ஒரு கணம் நின்றது அந்தப் பந்து. ஊர் எழுந்து நின்றது. அங்கே கட்டெறும்பு இல்லை, நானும் நின்றேன்.

ஆட்டம் இடைவேளைக்கு நின்றபோது அவன் எழுந்து மெதுவாக ஸ்கோர் அறைப் பக்கம் போனான். நானும் போனேன். பலகை முன்னால் நின்று வாசித்தான், சிறுவனாக இருந்தபோது வாசித்ததைப்போலச் சத்தமாக. "நாச்சிமுத்து. சென்னை. ஆறு. கோவைத் தலைவனுக்குத் திமிர்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத அழிச்சுருங்ப்பா" என்றான். "ஊரே உங்களத் திட்டுது."

"பெயின்ட். அழியாது. அடுத்த வருசம் பலகைக்குப் புதுசாக் கறுப்பு அடிக்கறப்பத்தான் போவும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீ ஆடு."